டிப்பர் பாடியில் 700 தகடு: வெல்டிங் எதைத் தின்கிறது, எதைத் தொடுவதில்லை

கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கல்குவாரிக்கு ஓடும் டிப்பர்களின் பாடிக்கு முன்பெல்லாம் 8 எம்எம், 10 எம்எம் சாதா தகடுதான். இப்போது 5, 6 எம்எம்மில் உயர்வலிமைத் தகடு கேட்கிறார்கள். கணக்கு எளிது. பாடி எடை குறைந்தால் அந்த எடைக்குக் கூடுதலாகக் கல் ஏற்றலாம். சாதா தகடான ஐ.எஸ். 2062 இ250-க்கு யீல்டு வலிமை (தகடு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தம்) குறைந்தபட்சம் 250 மெகாபாஸ்கல். எஸ்690கியூஎல், எஸ்700எம்சி வகைகளுக்கு 690, 700; இவற்றைத்தான் இங்கே 700 தகடு என்கிறேன். தரைக்குப் போடும் 450 பிரினெல் (கடினத்தின் அளவு) தேய்மானத் தகட்டுக்கு 1,100-க்கும் மேல்.

தகடு மாறிவிட்டது, வெல்டிங் மாறவில்லை. அதே ராடு, அதே ஆம்பியர், அதே அசைத்து அசைத்துப் போடும் கை. சர்டிபிகேட்டில் எழுதியிருக்கும் 700 என்ற வலிமை, தகட்டின் நடுவில் இருக்கும். ஜாயிண்ட்டை ஒட்டி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வெல்டர்தான் தீர்மானிக்கிறார்.

சாதா தகட்டின் வலிமை பெரும்பாலும் அதன் கலவையைப் பொறுத்தது. சூடாக்கினாலும் ஆறினாலும் ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்துவிடும். அதனால்தான் இரண்டு தலைமுறையாக நம் பட்டறைகளில் வெப்பத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலைப்படத் தேவையும் இருக்கவில்லை. 700 தகட்டின் கதை வேறு. அதில் கார்பன் பொதுவாக 0.2 சதவீதத்தைத் தாண்டாது. வலிமை வருவது ஆலையில் சூட்டையும் உருட்டலையும் கட்டுப்படுத்திய விதத்திலிருந்து. கியூஎல் வகை, தண்ணீரில் திடீரெனக் குளிர்வித்து, பிறகு 600 டிகிரி ஒட்டிய சூட்டில் பதப்படுத்தியது. எம்சி வகை, கட்டுப்படுத்திய சூட்டில் உருட்டி, நியோபியம், டைட்டானியம், வனேடியம் போன்றவற்றைத் துளித்துளியாகச் சேர்த்து, மணிகளை (உலோகத்தின் படிகத் துகள்களை) மிக நுண்ணியதாக வைத்திருப்பது. இரண்டிலும் வலிமை என்பது ஆலை கட்டிக் கொடுத்த நுண்ணமைப்பு. வெல்டிங் வில் (ஆர்க்) அதைக் கலைக்கிறது. கலைந்ததைத் திரும்பக் கட்ட பட்டறையில் வசதி கிடையாது.

ஒரு பீடிலிருந்து, அதாவது வெல்டிங் உருகி உறைந்த வரியிலிருந்து, தள்ளித் தள்ளிப் போனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பீடை ஒட்டிய இடம் 1,100 டிகிரிக்கு மேல் போய்வந்தது. அங்கே மணிகள் பெருத்துவிடும், வேகமாக ஆறினால் கடினமாகவும் நொறுங்கும் தன்மையோடும் இருக்கும். அடுத்த பட்டை 900 சுற்றி. மணிகள் புதிதாக உருவாகி நுண்ணியதாக இருக்கும், இது நல்ல பகுதிதான். அதற்கும் வெளியே 720 முதல் 850 வரை சூடான பட்டையில் பாதி உருமாறியும் பாதி மாறாமலும் ஒரு கலப்படம். அதன் வெளியே 720-க்குக் கீழ், ஆனால் ஆலையில் பதப்படுத்திய சூட்டைத் தாண்டிய பட்டை. கடைசியாகச் சொன்ன இந்த இரண்டும்தான் மெத்தென்று ஆகிற இடங்கள். கண்ணுக்குத் தெரியாது, கிரைண்டரில் தேய்த்து, நைட்ரிக் அமிலம் கலந்த ஸ்பிரிட்டால் துடைத்தால் வேறு நிறத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். தேய்மானத் தகட்டில் 250 டிகிரி தாண்டினாலே கடினம் இறங்க ஆரம்பிக்கும். அதனால் அதில் மெத்தென்ற பட்டை இன்னும் அகலம். 450 பிரினெல் இருந்த இடம் 300-க்குக் கீழேகூடப் போகும்.

மெத்தென்ற பட்டை இருந்தாலே ஜாயிண்ட் போச்சு என்று பயப்பட வேண்டியதில்லை. பட்டையின் அகலம் தகட்டின் தடிமனைவிடக் குறுகலாக இருந்தால், இருபுறமும் இருக்கும் கெட்டியான உலோகம் அதை இளைக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். இழுத்துப் பார்த்தால் வலிமை பெரிதாகக் குறைந்திருக்காது. பட்டை தடிமன் அளவுக்கு அகலமாகிவிட்டால் அந்தப் பிடி போய்விடும், அங்கேதான் இளைத்து அறும். எனவே வெல்டர் கையில் இருப்பது ஒரே விஷயம்: பட்டையைக் குறுகலாக வைப்பது. அதற்கு வெப்பத்தை அளக்க வேண்டும்.

வெப்ப அளவு கணக்கு: வோல்ட் × ஆம்பியர் × 60, அதை நிமிடத்துக்கு எத்தனை எம்எம் ஓடினோம் என்பதாலும் 1,000 ஆலும் வகுத்து, ராடு வெல்டிங்குக்கும், கேஸ் பாதுகாப்பில் கம்பி ஊட்டிப் போடும் சி.ஓ.டூ வெல்டிங்குக்கும் 0.8 ஆல் பெருக்க வேண்டும். விடை ஒரு எம்எம்முக்கு இத்தனை கிலோஜூல். சி.ஓ.டூ மெஷினில் 24 வோல்ட், 220 ஆம்பியர், நிமிடத்துக்கு 350 எம்எம் ஓட்டம் என்றால் 0.72. 4 எம்எம் 7018 ராடில் 160 ஆம்பியர், 24 வோல்ட் வைத்து, அகலமாக அசைத்து நிமிடத்துக்கு 120 எம்எம்தான் நகர்ந்தால் 1.54. அதே ராடு வெல்டிங்கில் 3.15 எம்எம் ராடு, 115 ஆம்பியர், 23 வோல்ட், அசைக்காமல் நேராக 180 எம்எம் ஓட்டினால் 0.7. அதாவது மெஷின் வாங்காமலேயே ராடிலும் குறைக்கலாம். ஓட்ட வேகத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். செல்போனில் நேரத்தை ஓடவிட்டு, ஒரு ராடு எரிந்து முடியும் நேரத்தையும் போட்ட பீடின் நீளத்தையும் டேப்பில் அளந்தால் போதும். வோல்ட்டை மட்டும் மெஷின் டயலில் பார்க்காமல், ஹோல்டருக்கும் வேலைக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. நீளக் கேபிளில் இரண்டு மூன்று வோல்ட் தாராளமாகக் காணாமல் போகும்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், 800 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்கு ஆற எடுக்கும் நேரம்தான் நுண்ணமைப்பைத் தீர்மானிக்கிறது. 690 வகைத் தகட்டுக்கு அது சுமார் 5 முதல் 15 நொடிக்குள் இருந்தால் நல்லது. குறைந்தால் கடினமாகி வெடிக்கும், கூடினால் மெத்தென்று ஆகும், அடி தாங்கும் சக்தியும் குறையும். மெல்லிய தகட்டில் இந்த நேரம் வெப்ப அளவின் வர்க்கத்தில் ஏறும். 6 எம்எம் தகட்டை 25 டிகிரியில் ஆரம்பித்து 0.72 கிலோஜூலில் போட்டால் ஐரோப்பியத் தரக் கணக்குப்படி சுமார் 17 நொடி. ஓரளவு சரி. அதே தகட்டில் 1.54 போட்டால் 76 நொடி! வெப்பம் இரண்டு மடங்கு சொச்சம், ஆறும் நேரம் நாலரை மடங்கு. வெல்டர் ‘நல்லா உருகி உட்கார்ந்திருக்கு’ என்று பெருமையாகக் காட்டுகிற அகலமான பீடுக்கு அடியில் இதுதான் நடந்திருக்கும்.

இன்னொரு இடமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை: ஒரு பாஸுக்கும் (ஒரு முறை ஓட்டும் பீடு) அடுத்த பாஸுக்கும் இடையிலான சூடு. அதே 6 எம்எம், அதே 0.72. ஆனால் முதல் பாஸ் ஆறாமல் தகடு 150 டிகிரியில் இருக்கும்போதே அடுத்ததைப் போட்டால் 17 நொடி 30 நொடியாகிவிடும். ஆகவே மெல்லிய 700 தகட்டில் அவசரம் கூடாது. ஒரு பக்கம் போட்டுவிட்டு மறு கோடிக்குப் போய் வேறு ஜாயிண்ட் போட்டு வாருங்கள். தண்ணீர் ஊற்றி ஆற வைப்பது வேண்டவே வேண்டாம். தடித்த தேய்மானத் தகட்டில் பாஸ்களுக்கு இடையே 225 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகத் தரும் வரம்பு. கையால் தொட்டுப் பார்த்து இதையெல்லாம் சொல்ல முடியாது. குறித்த சூட்டில் உருகும் சூட்டுச் சாக்பீஸ் இரண்டு வாங்கி வைத்தால் போதும், பெரிய செலவில்லை.

தடிமன் கூடினால் பிரச்சினை தலைகீழாகும். 20 எம்எம் பொக்லைன் பக்கெட் அடித்தகட்டில் 0.72 கிலோஜூல் போட்டால் ஆறும் நேரம் 3.9 நொடிதான். சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் வெப்பத்தை உறிஞ்சிவிடும். பீடை ஒட்டிய பகுதி கெட்டியாகிவிடும். இங்கேதான் குளிர்வெடிப்பு, அதாவது ஆறிய பிறகு வரும் வெடிப்பு, வரும்.

குளிர்வெடிப்புக்கு மூன்றும் சேர வேண்டும்: ஹைட்ரஜன், கடினமான நுண்ணமைப்பு, இழுவிசை. ஒன்றைக் குறைத்தாலும் வெடிப்பு வராது. கடினத்தை முழுதாகத் தவிர்க்க முடியாது, தகடே அப்படி. இழுவிசையையும் ஓரளவுதான் குறைக்கலாம்: ஜாயிண்ட் இடைவெளி 3 எம்எம்மைத் தாண்டக் கூடாது, மூலையில் ஆரம்பிக்கவோ முடிக்கவோ கூடாது, டேக் (தகடுகளை முதலில் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டிங்) குறைந்தது 50 எம்எம் நீளம் இருக்க வேண்டும். பொட்டு வைத்தாற்போல் 10 எம்எம் டேக் போடுவதுதான் வழக்கம். அந்தப் பொட்டு ஒரு நொடியில் ஆறி, கண்ணாடிபோல் கெட்டியாகி, முதல் வெடிப்பு அங்கிருந்தே ஆரம்பிக்கும். மிச்சம் இருப்பது ஹைட்ரஜன், அது முழுக்க நம் கையில்.

ஹைட்ரஜன் வருவது ஈரத்திலிருந்து, எண்ணெயிலிருந்து, பெயின்ட்டிலிருந்து, துருவிலிருந்து. மார்கழிக் காலையில் ஓசூர், தளிப் பக்கம் வெளியில் கிடந்த தகட்டைத் தடவினால் கை நனையும். அந்த ஈரத்தின்மேல் வில் பிடித்தால் ஹைட்ரஜனை நாமே ஊட்டுகிறோம். முதலில் கேஸ் தீயால் ஜாயிண்ட்டின் இரு பக்கமும் 75 எம்எம் வரை ஈரம் போக உலர்த்த வேண்டும். தீ பட்டதும் தகட்டில் முத்து முத்தாகத் தண்ணீர் வரும். அது தகட்டுக்குள்ளிருந்து வந்ததல்ல, கேஸ் எரியும்போது உண்டாகும் நீராவி படிந்தது. அது மறையும்வரை காட்டுங்கள்.

6013 ராடை இந்தத் தகட்டில் தொடவே கூடாது. அதன் பூச்சிலேயே ஈரம் இருக்கிறது, இருந்தால்தான் அது சரியாக எரியும். லோ ஹைட்ரஜன் ராடான 7018-ம் பாக்கெட்டைத் திறந்து நாள் கணக்கில் ஜன்னலில் வைத்தால் பெயரளவில்தான் லோ ஹைட்ரஜன். அமெரிக்க வெல்டிங் தரத்தின்படி 7018-ஐ 260 முதல் 430 டிகிரிக்குள் குறைந்தது 2 மணி நேரம் சுட வேண்டும், பிறகு 120 டிகிரிக்குக் குறையாத பெட்டியில் வைத்திருக்க வேண்டும், வெளியே எடுத்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். 11018 வகைக்கு இந்த அவகாசம் அரை மணி நேரம்தான். ஹாலோஜன் பல்பு போட்ட தகரப் பெட்டியில் வைத்து ‘ராடு சூடாத்தான் இருக்கு’ என்பது சுடுவது ஆகாது. அந்தச் சூடு புதிய ஈரம் ஏறாமல் காக்கும், ஏறியதை இறக்காது. சி.ஓ.டூ கம்பியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. துரு ஏறாத கம்பி, கசியாத கேஸ் குழாய், இரண்டும் இருந்தால் போதும். எனக்குக் கேட்டால், 700 தகட்டு வேலை அதிகம் வரும் பட்டறை ராடு அடுப்பில் முதலீடு செய்வதைவிடச் சி.ஓ.டூ மெஷினில் செய்வது லாபம்.

முன்சூடு கொடுப்பது ஆறும் வேகத்தைக் குறைக்கத்தான் என்று சொல்வார்கள். பாதி உண்மை. 20 எம்எம் தகட்டை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் மேலே சொன்ன 3.9 நொடி 4.8 நொடிதான் ஆகும். உண்மையான பலன் அதற்கப்புறம்: 200 டிகிரியிலிருந்து கீழே மெதுவாக இறங்குவதால் ஹைட்ரஜன் வெளியேற நேரம் கிடைக்கிறது. எவ்வளவு சூடு என்பதைத் தகட்டின் கார்பன் சமானமும் தடிமனும் தீர்மானிக்கும். சர்டிபிகேட்டில் உள்ள கலவையை எடுத்து, கார்பனோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம்-மாலிப்டினம்-வனேடியம் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, நிக்கல்-தாமிரம் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கு சேர்த்தால் அதுதான் கார்பன் சமானம். இதை வைத்துத் தகட்டு ஆலை கொடுக்கும் அட்டவணையில் சூட்டைப் பாருங்கள். டி ஜாயிண்ட்டில் மூன்று பக்கமும் வெப்பம் ஓடும் என்பதால் தடிமனையும் அதற்கேற்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சூட்டைத் தீ காட்டிய பக்கமே உடனே அளக்காதீர்கள். தீயை எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து, முடிந்தால் மறுபக்கத்தில் அளக்க வேண்டும்.

ராடு தேர்வில் பெரிய தவறு, ‘தகடு 700, ராடும் 700 வேணும்’ என்று பிடிவாதம் பிடிப்பது. 7018-லும் சாதா சி.ஓ.டூ கம்பியிலும் யீல்டு சுமார் 400, இழுவலிமை 480, 490 என்ற அளவு. 11018-ல் இழுவலிமை 760. இரு தகட்டின் விளிம்பும் நேருக்கு நேர் சேர்ந்து, முழு இழுவிசையும் குறுக்கே போகும் பட் ஜாயிண்ட்டுக்கு மட்டும்தான் அந்த விலை உயர்ந்த ராடு வேண்டும். பாடியின் விலா, தரைத்தகடு, மூலை இணைப்பு இவற்றின் பில்லட்டுக்கு (மூலையில் முக்கோணமாகப் போடும் வெல்டிங்) 7018 போதும், சில சமயம் அதுவே மேல். மென்மையான பீடு கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் ஓரத்தில் இழுவிசை குறையும், வெடிப்பு அபாயமும் குறையும். வலிமை போதாவிட்டால் பில்லட்டின் கழுத்தை (அதன் குறுக்குத் தடிமனை) பெரிதாக்கலாம். ஆனால் ஒரே பாஸில் பெரிதாக்க வேண்டாம், இரண்டு மூன்று நேர் பாஸாகப் போடுங்கள். முன்சூடு கொடுக்கவே முடியாத இடம், மழைக்காலக் குவாரிக்குள் பக்கெட் பல் தாங்கி கழன்றது மாதிரி அவசரம் என்றால் 307 வகை ஸ்டெயின்லெஸ் ராடு. அந்த ராடு தரும் ஆஸ்டெனைட் என்ற நுண்ணமைப்பு ஹைட்ரஜனைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும், தகட்டுக்குள் அனுப்பாது. ராடு விலை அதிகம். பக்கெட் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் ஒரே இழுப்பில் அறுமா என்ற கேள்விக்கு. டிப்பரும் சேசிஸும் அப்படி அறுவது அபூர்வம். அறுவது தொடர் அதிர்வில். ஒரு கன மீட்டர் கிரானைட் சுமார் 2.7 டன்; அப்படியொரு பாறை பக்கெட்டிலிருந்து பாடிக்குள் விழுவது ஒரு அடி. லோடோடு குவாரிச் சாலையில் குதிப்பதும், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்குவதும் ஆயிரமாயிரம் சிறு அடிகள். இந்தத் தொடர் அடியைப் பொறுத்தவரை, வெல்டிங் போட்ட ஜாயிண்ட்டுக்குத் தகடு 250-ஆ 700-ஆ என்பது தெரியவே தெரியாது.

பலருக்கு நம்ப முடியாத விஷயம் இது. காரணம்: தகட்டில் வெடிப்பு பிறக்கத்தான் நாளாகும், உயர்வலிமைத் தகட்டில் அது இன்னும் அதிக நாள். வெல்டிங்கின் கால்விளிம்பிலோ (பீடு தகட்டைத் தொடும் ஓரம்) அண்டர்கட் என்ற பள்ளம், சிக்கிய ஸ்லாக் கீற்று என்ற வடிவில் வெடிப்பு ஏற்கெனவே பிறந்து காத்திருக்கிறது. மிச்சம் வளர்வது மட்டுமே. வளரும் வேகம் எல்லா ஸ்டீலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் சர்வதேச வெல்டிங் கழகத்தின் களைப்பு (தொடர் அடியில் அறுவது) வகைகளில் ஜாயிண்ட்டின் வடிவத்துக்கு எண் உண்டு, தகட்டின் வலிமைக்கு எண் இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 8 எம்எம் சாதா தகட்டை 5 எம்எம் 700 தகடாக மாற்றினால் நேர் இழுப்பில் அழுத்தம் 1.6 மடங்கு. ஆயுள் அழுத்தத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும்: நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். தகடு வளையும் இடமென்றால் அழுத்தம் 2.56 மடங்கு, ஆயுள் சுமார் பதினேழில் ஒரு பங்கு. ‘புதுத் தகடு, ஒரு வருஷத்துல கிழிஞ்சிடுச்சு, தகடு டூப்ளிகேட்’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் வெடிப்பு எங்கே ஆரம்பித்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு விலாவின் நுனியில், பீடு முடிந்த இடத்தில்தான் இருக்கும்.

ஆக, மெல்லிய தகட்டுக்கு மாறும்போது ஜாயிண்ட்டை இடம் மாற்ற வேண்டும். தரையையும் பக்கத்தையும் மூலையில் வெட்டி ஒட்டுவதற்குப் பதில் தகட்டையே வளைத்து, ஜாயிண்ட்டை அழுத்தம் குறைந்த பக்கச்சுவருக்கு ஏற்றுவது ஒரு வழி. அதிக விலா வைத்து எல்லாவற்றையும் விறைப்பாக்குவது வழியல்ல. ஒவ்வொரு விலா நுனியும் ஒரு புதிய வெடிப்புப் பிறப்பிடம்.

சேசிஸில் பிஷ் பிளேட் (வலுவூட்ட மேலே ஒட்டும் தகடு) வைப்பதிலும் இதே தவறுதான். செவ்வகமாக வெட்டி, நான்கு பக்கமும் சுற்றி வெல்டிங் போடுவது வழக்கம். செங்குத்தாக முடியும் அந்த ஓரம்தான் அடுத்த வெடிப்பு. நுனியை 45 டிகிரிக்கோ அதற்கும் சாய்வாகவோ வெட்டுங்கள்; சேசிஸ் பீமின் மேல், கீழ் பிளான்ஜின் (கிடைப் பட்டையின்) குறுக்கே பீடு போகக் கூடாது; பிளான்ஜ் விளிம்பிலிருந்து 20 எம்எம் உள்ளேயே நிறுத்துங்கள். போல்ட்டில் முடியும் என்றால் போல்ட்தான் மேல். பல வண்டிகளின் பாடி பில்டர் கையேட்டில் எங்கே வெல்டிங் கூடாது என்று படம் போட்டே இருக்கும். வண்டியில் வெல்டிங் போடும் முன் பேட்டரி வயரைக் கழற்றி, வண்டியின் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டியான இ.சி.யூ. இணைப்பையும் எடுத்துவிடுங்கள். எர்த்தை ஜாயிண்ட்டுக்கு அருகிலேயே பிடியுங்கள். தூரத்தில் பிடித்தால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் பாயும். அந்த பேரிங் பிறகு சத்தம் போடும்போது காரணம் யாருக்கும் புரியாது.

கால்விளிம்பைத் தேய்த்துவிடுவது செலவில்லாத மருந்து. உருண்டை முனை பர்ரால் (சுழலும் சிறு வெட்டுக் கருவி) கால்விளிம்பை அண்டர்கட்டுக்குக் கீழே அரை எம்எம் ஆழம் வரை வழவழப்பாகத் தோண்டினால், தாங்கும் அழுத்தம் 1.3 மடங்காகக் கணக்கில் எடுக்கலாம். ஆயுளில் அது இரண்டு மடங்குக்கும் மேல். தேய்த்த கீறல் அழுத்தம் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும், குறுக்கே இருந்தால் கீறலே வெடிப்பாகும். பெரிய டிஸ்க்கில் பீடைச் சமமாக்கி பளபளவென்று காட்டுவது இதல்ல. அது அழகுக்கு, சில நேரம் கழுத்தையும் குறைத்துவிடும். பாதி ஊடுருவிய பில்லட்டின் அடியில் பிறக்கும் வெடிப்புக்கும் இந்த மருந்து வேலை செய்யாது.

கிழிந்த தரைத்தகட்டைப் பழுதுபார்க்கும்போது வரிசை இப்படி: பெயின்ட்டை நீக்கி, வெடிப்பைக் காட்டும் சாயம் ஊற்றி, வெடிப்பின் இரண்டு நுனியையும் கண்டுபிடி. கண்ணுக்குத் தெரிவதைவிட வெடிப்பு எப்போதும் நீளமாக இருக்கும். நுனியைச் சற்றுத் தாண்டி 6, 8 எம்எம் துளை. தேய்மானத் தகட்டில் சாதா டிரில் பிட் மழுங்கிவிடும், கோபால்ட் பிட்டைக் குறைந்த வேகத்தில் அழுத்தி ஓட்டு. வெடிப்பு முழுதும் மறையும்வரை 60 டிகிரி வி வடிவில் தோண்டு, சாயத்தால் மறுபடி பார். கேஸ் கட்டரில் வெட்டிய ஓரம் என்றால் வெளிர் உலோகம் தெரியும்வரை ஒன்று, இரண்டு எம்எம் தேய். பிறகு 3.15 ராடில் நேர் பாஸ்கள். வில்லை ஜாயிண்ட்டுக்குள்ளேயே பிடி, பக்கத்தில் தகட்டில் உரசிப் பிடிக்காதே. அந்த உரசல் தழும்பே ஒரு கெட்டிப் பொட்டு. மேலே ஒட்டுத் தகடு வைப்பதாக இருந்தால் முனையை வட்டமாக்கு, மூலை வேண்டாம்.

வெல்டிங் இழுத்துத் தகடு கோணியதும் கேஸ் தீயில் சிவக்கக் காட்டித் தண்ணீர் அடிப்பது நம் பட்டறைகளின் பழைய கைவித்தை. சாதா தகட்டில் அது அருமையான வித்தை. 700 தகட்டில் சிவந்த இடம் முழுவதும் ஆலை கொடுத்த பலத்தை இழந்துவிடும், தண்ணீர் பட்டதும் நொறுங்கும் கெட்டி வேறு. ஜாக்கி வைத்துக் குளிர்நிலையிலேயே தள்ளுங்கள்.

எஸ்690கியூஎல் வாங்கினால் சர்டிபிகேட்டில் மைனஸ் 40 டிகிரியில் 30 ஜூல் என்று ஒரு வரி இருக்கும்; அது அடி தாங்கும் சக்தியின் அளவு. நம்மூரில் மைனஸ் 40 எங்கே என்று சிரிக்கலாம். பாறை விழும்போது பீடை ஒட்டிய பெருத்த மணிகளுக்குத் தேவைப்படுவது அந்தக் குணம்தான். வெப்பம் கூடக் கூட முதலில் கரைவதும் அதுதான்.

வேலை முடிந்த அன்றே சாயம் ஊற்றிப் பார்த்து ‘ஓகே’ சொல்லி வண்டியை அனுப்பாதீர்கள். குளிர்வெடிப்பு ஆறிய பிறகும் மணிக்கணக்கில் காத்திருந்து வரும். இந்த வகைத் தகட்டுக்கு அமெரிக்கத் தரம் வெல்டிங் முடிந்து 48 மணி நேரம் கழித்துத்தான் பரிசோதனையை ஏற்கிறது. சனிக்கிழமை மாலை முடித்தால் திங்கள் மாலை பார்க்க வேண்டும்: முதலில் டேக் இருந்த இடங்கள், அப்புறம் பீடு நின்று மறுபடி ஆரம்பித்த இடங்கள், கடைசியில் தடித்த தகடும் மெல்லிய தகடும் சேரும் மூலைகள்.